துளை போடுவதற்கு முன்: பழைய ஆர்கேட் பெட்டியைச் சீர்செய்யச் சில குறிப்புகள்

காசு போட்டு, நின்றபடி விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளின் பெரிய காலம் ஜப்பானில் 1978-ல் தொடங்கியது. அந்த ஆண்டு டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. 1980-ல் நாம்கோவின் 'பேக்-மேன்', 1981-ல் நின்டெண்டோவின் 'டாங்கி காங்'. அமெரிக்காவில் கடைத்தெரு, பீட்சா கடை, பேருந்து நிலையம் என்று எங்கும் நின்ற அந்தப் பெட்டிகள் இப்போது ஏலத்திலும் கிடங்குகளிலும் கிடைக்கின்றன. வாங்கிய கையோடு பலர் செய்வது, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஆயிரம் கேம் அடங்கிய ஒரு போர்டைச் செருகுவது. என் கட்சி வேறு. திரும்பக் கழற்றிவிடக்கூடிய மாற்றங்களை எத்தனை வேண்டுமானாலும் செய்யுங்கள். வெட்டுவது, துளைப்பது, சுரண்டுவது ஆகிய மூன்றையும் மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள்.

1. விலை பேசுவதற்கு முன் உங்கள் வீட்டு வாசலை அளந்துவிடுங்கள். பெட்டி ஆள் உயரம் இருக்கும். எடை பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டும். வாசலைவிட மாடிப்படி திரும்பும் மூலைதான் அதிகம் தொல்லை தரும். ஏற்றி இறக்கும்போது முன்கண்ணாடியையும் மேலே விளக்கு எரியும் பெயர்ப்பலகையையும் கழற்றி, போர்வையில் சுற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள். அவை உடைந்தால் அசலுக்கு மாற்று கிடைப்பது கடினம்.

2. வந்திருப்பது என்ன பெட்டி என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒட்டியிருக்கும் படத்தை நம்ப வேண்டாம். வருமானம் குறைந்த கேமை எடுத்துவிட்டு, பெட்டிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, வேறு கேமை வைத்து ஓட்டுவது அந்தத் தொழிலில் சகஜம். பின்பக்கத்தில் உள்ள சீரியல் நம்பர் தகடு, பக்கப் பலகையின் வளைவு, காசுக் கதவின் வடிவம் ஆகியவை உண்மையைச் சொல்லிவிடும். இந்த வழக்கத்தில் தப்பு சொல்லவும் முடியாது. 'டாங்கி காங்' பிறந்ததே இப்படித்தான். நின்டெண்டோ அமெரிக்காவுக்கு அனுப்பிய 'ரேடார் ஸ்கோப்' பெட்டிகளில் சுமார் 2,000 விற்காமல் தேங்கின. அவற்றுக்குள் போடுவதற்காக நின்டெண்டோவின் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோவிடம் புதிய கேம் ஒன்று கேட்கப்பட்டது. அதனால்தான் முதலில் வந்த 'டாங்கி காங்' பெட்டிகள் சிவப்பு. நீலம் பிறகு வந்தது.

என் கணக்கு இதுதான்: உறுப்புகள் குறையாத அசல் பெட்டி என்றால் அதைச் சுத்தம் செய்து ஓட வையுங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே நாலு கை மாறி, நாலு துளை விழுந்து, உள்ளே காலியாக வந்த பெட்டி என்றால் அது உங்கள் கற்பனைக்கு.

3. சாவி இல்லாமல் பெட்டி வருவது வழக்கம். பூட்டை உடைப்பதற்கு முன் காசு திரும்பி விழும் குழியில் விரலை விட்டுப் பாருங்கள். பின்பலகை திறந்திருந்தால் உள்ளே கொக்கி, ஆணி எதிலாவது சாவி தொங்குகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பூட்டின் நடுவில் டிரில் போட வேண்டியதுதான். பூட்டு மலிவு, கதவுதான் விலை கூடியது. டிரில் முனை வழுக்கிக் கதவைக் கீறாமல் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

4. எந்த வயரையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு முனையிலும் காகித டேப் ஒட்டி எண் எழுதுங்கள். திருகாணிகளைப் பகுதி பகுதியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

5. வந்தவுடன் பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வாங்கும் இடத்திலேயே ஓடிக் காட்டியிருந்தாலும் சரி. வண்டியில் குலுங்கி வந்ததில் போர்டில் சிப் தளர்ந்திருக்கலாம், வயர் நசுங்கியிருக்கலாம், உள்ளே எலிக்கூடு இருக்கலாம். முதலில் பின்கதவைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷாலும் வேக்குவம் கிளீனராலும் தூசியை எடுங்கள். பிக்சர் டியூபின் பின்கழுத்துப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அடிப்பலகையில் பழைய கால் டாலர் காசுகள் கிடைக்கலாம். அது உங்கள் கூலி.

6. அமெரிக்கப் பெட்டி 110 முதல் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் சுவரில் வருவது 230. நேரே செருகினால் கதை முடிந்தது. பெட்டியின் பின்தகட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதைப்போல் இருமடங்கு தாங்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்பார்மர் வாங்குங்கள். சில பெட்டிகளின் உள் ட்ரான்ஸ்பார்மரிலேயே 220 அல்லது 230 வோல்ட்டுக்கான இணைப்பு இருக்கும். லேபிளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் அந்தச் செலவு மிச்சம்.

7. மேலே சொன்ன ஸ்டெப்-டவுன் இருக்கிறதே என்று பெட்டிக்குள் இருக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றிவிடாதீர்கள். இந்தத் தவறு ஆளைக் கொல்லும். 1980-களின் ஆர்கேட் மானிட்டர்கள் பலவற்றில் இரும்புச் சட்டமே மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும்படி அமைப்பு. சுவர் மின்சாரத்துக்கும் மானிட்டருக்கும் நடுவே சுவராக நிற்பது அந்த ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர் ஒன்றுதான். கடையில் விற்கும் ஸ்டெப்-டவுன்களில் பல, வோல்ட்டைக் குறைக்குமே தவிர இப்படிப் பிரித்து நிறுத்தாது.

8. எர்த் பின்னைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டியெறிந்துவிட்டு இரண்டு துளைப் பலகையில் செருகி ஓட்டிய பெட்டிகள் நிறைய உண்டு. கைபடும் காசுக் கதவும், உலோகக் கட்டுப்பாட்டுப் பலகையும் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள்.

9. ஃப்யூஸ் போனால் செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றிவிடும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது. ஃப்யூஸுக்குப் பக்கத்தில் ஒட்டிய லேபிளில் எழுதியுள்ள அதே ஆம்பியர், அதே வகைதான் போட வேண்டும். திரும்பத் திரும்பப் போனால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

10. போர்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் போர்டைக் கழற்றிவைத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் அளந்து பாருங்கள். பெரும்பாலான போர்டுகள் 5 வோல்ட், 12 வோல்ட் கேட்கும். சில பழைய போர்டுகளுக்கு மைனஸ் 5-ம் வேண்டும். பிறகு போர்டைச் சேர்த்து, 5 வோல்ட்டைப் போர்டின் மீதே அளக்க வேண்டும். சப்ளையில் 5 காட்டும், பழைய வயரைக் கடந்து போர்டுக்கு வரும்போது 4.7 ஆகியிருக்கும். படம் கலைந்து, கேம் தானாக மறுபடி மறுபடி தொடங்கினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். 4.9-க்கும் 5.1-க்கும் இடையில் நிற்கும்படி சப்ளையில் உள்ள சிறு திருகைத் திருப்பினால் போதும்.

11. போர்டில் பேட்டரி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'டிஃபெண்டர்', 'ரோபோட்ரான்' போர்டுகளில் அதிக மதிப்பெண் பட்டியலைக் காப்பாற்ற மூன்று பென்சில் பேட்டரிகள் உண்டு. அவை ஒழுகினால் கீழே உள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும். கழற்றி எறிந்துவிட்டு, பேட்டரிப் பிடியை வயர் நீட்டிப் போர்டுக்கு வெளியே வையுங்கள்.

காப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளில் கதை நேர் எதிர். 1993 முதல் வந்த அந்த போர்டுகளில் கேமைத் திறக்கும் ரகசிய எண்கள் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். பேட்டரி தீர்ந்தால் கேமும் செத்தது. அந்த எண்களைத் திரும்ப ஏற்றும் வழியைப் பிற்பாடு ஆர்வலர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாலும், அது பழகிய கைகளின் வேலை. என்ன போர்டு என்று தெரியாமல் எந்தப் பேட்டரியையும் பிடுங்காதீர்கள்.

12. போர்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் உலோகப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். செத்துவிட்டது என்று விற்ற போர்டு இதிலேயே எழுந்து உட்காருவதுண்டு. 'பேக்-மேன்' போர்டில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கு ட்ரான்ஸ்பார்மரிலிருந்து ஏசி மின்சாரமே அந்தப் பற்கள் வழியாகப் போகும். சூட்டில் பற்கள் கருகுவது அதன் தீராத வியாதி. கருகியிருந்தால் பற்களில் ஈயம் பூசிச் சமாளிப்பதோடு நிறுத்தாமல், எதிரே உள்ள கனெக்டரையும் புதிதாக மாற்றுங்கள். சிப்பின் முதுகில் ஒட்டிய லேபிள்களை அழுக்கு என்று உரிக்க வேண்டாம். அடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன்மேல் தொடர்ந்து வெயில் பட்டால் உள்ளே இருக்கும் கேம் அழிந்துபோகும்.

13. பிக்சர் டியூப். இந்த ஒரு இடத்தில் மட்டும் தைரியசாலியாக இருக்க வேண்டாம். 19 அங்குல வண்ண டியூபுக்குள் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டை ஒட்டியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும். மானிட்டரில் கை வைக்கும் முன் அதை வடித்துவிட வேண்டும். டியூபைச் சுற்றி ஓடும் பின்னல் எர்த் கம்பியில் ஒரு கிளிப் வயரை முதலில் மாட்டுங்கள். வயரின் மறுமுனை, நீண்ட பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள தட்டைத் திருப்புளியின் கம்பியில். திருப்புளியின் நுனியை டியூபின் மேலுள்ள ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்து உலோகத்தைத் தொட வேண்டும். ஒரு கையால் மட்டும் வேலை, மறு கை முதுகுக்குப் பின்னால். சில நிமிடம் விட்டு மறுபடி ஒரு தடவை. டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. அது உடைந்தால் டியூபே வீண். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இதைப் படித்தும் நெஞ்சு படபடத்தால் நல்லது. பழைய டிவி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுங்கள். பெரிய டப்பா டிவிகளைப் பிரித்துப் பழகியவருக்கு ஆர்கேட் மானிட்டரும் அதே குடும்பம்தான். ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் நீங்களும் கற்றுக்கொள்ளலாம்.

14. படம் வளைகிறது, சுருங்குகிறது, ஓரத்தில் மடிகிறது என்றால் டியூப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் மானிட்டர் போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். உங்கள் மானிட்டர் மாடலைச் சொன்னால் மொத்தத் தொகுப்பாகவே கிடைக்கும். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எது எங்கே என்று தடுமாறுவோம். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. 105 டிகிரி தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

15. அணைத்த திரையிலும் 'பேக்-மேன்' பாதைகள் மங்கலாகத் தெரிகிறதா? ஆண்டுக்கணக்கில் ஒரே படம் எரிந்து பதிந்த தழும்பு அது. எந்தத் தைலமும் போக்காது. டியூபை மாற்றலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். நான் விட்டுவிடுகிற ஆள். கேம் ஓடும்போது அந்தத் தழும்பின் மேல்தான் அதே பாதை வந்து உட்காரும், கண்ணுக்குத் தெரியாது.

16. எல்சிடி திரை போட்டே தீர வேண்டும் என்றால் இன்றைய அகலத் திரை வேண்டாம். பழைய ஆபீஸ்களில் கழித்த 19 அங்குல, சதுரத்துக்குப் பக்கமான 5:4 திரைகள் மலிவாகக் கிடைக்கும். 'பேக்-மேன்', 'டாங்கி காங்', 'கேலகா' எல்லாம் நெட்டுக்குத்தான திரைக்குச் செய்தவை. திரையை 90 டிகிரி திருப்பி மாட்டுங்கள். பழைய போர்டு அனுப்புவது 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், கணினித் திரை எதிர்பார்ப்பது 31. நடுவே ஜிபிஎஸ்-8200 போன்ற ஒரு கன்வர்ட்டர் போர்டு தேவை. டியூபின் ஒளியை உணர்ந்து வேலை செய்யும் துப்பாக்கி கேம்கள் எல்சிடியில் ஓடாது. கழற்றிய டியூபை எறியாதீர்கள். அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

17. பட்டன் சரியாக வேலை செய்யவில்லை என்றதும் புதிது வாங்க ஓட வேண்டாம். 1980-களின் தொடக்கப் பெட்டிகளில் இரண்டு உலோக இதழ்கள் தொட்டுக்கொள்ளும் சுவிட்ச்தான் இருக்கும். ஆல்கஹால் நனைத்த விசிட்டிங் கார்டை இதழ்களுக்கு நடுவே வைத்து உருவினால் அழுக்கு வந்துவிடும். உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். இடைவெளி கூடிப்போயிருந்தால் குறடால் மெல்ல வளையுங்கள். பிற்காலத்து மைக்ரோ சுவிட்ச் என்றால் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுவதே மேல்.

18. 'பேக்-மேன்' பெட்டிக்கு எட்டுத் திசை ஜாய்ஸ்டிக் போட்டவர்கள், திருப்பத்தில் கை கேட்கவில்லை என்று புலம்புவார்கள். அது நான்கு திசைக் கேம். மூலைக்கு மூலை தள்ளினால் எந்தப் பக்கம் என்று போர்டுக்குக் குழப்பம். ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள தகட்டைத் திருப்பி நான்கு திசைக்கு மாற்றும் வகைகள் உண்டு, அதை வாங்குங்கள்.

19. ஊறி உப்பிய அடிப்பலகை எல்லாப் பழைய பெட்டிக்கும் பொது. மரத்தூள் அழுத்திச் செய்த பலகை தண்ணீரைக் கண்டால் பஞ்சாகும். உப்பல் ஓரத்தில் மட்டும் என்றால் நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி ஊற்றி, இருபுறமும் பிளாஸ்டிக் தாளும் கட்டையும் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். உள்ளே வரை போய்விட்டால் அந்தத் துண்டை நேர்க்கோட்டில் வெட்டி, அதே தடிமன் பிளைவுட்டை ஒட்டிப் பட்டி பார்க்க வேண்டும். முடிவில் நான்கு மூலையிலும் திருகி உயர்த்தும் கால்கள் போட்டால், வீடு துடைக்கும் ஈரம் மறுபடி ஏறாது.

20. பெயர்ப்பலகையின் கண்ணாடியைத் துடைக்கும்போது முன்பக்கம் மட்டும். வண்ணம் அச்சிட்டிருப்பது பின்பக்கத்தில். ஈரத்துணி பட்டால் செதில் செதிலாக உரிந்து கையோடு வரும். பின்னால் எரியும் டியூப்லைட்டின் சோக்கு 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம் 50 ஹெர்ட்ஸில் சூடேறும். எல்இடி பட்டைக்கு மாறிவிடுங்கள். சூடு குறைந்தால் வண்ணமும் நீடிக்கும். நான் வெள்ளையில் மஞ்சள் கலந்த வகையைத்தான் போடுவேன். நீலம் கலந்தது பழைய வண்ணங்களைச் செத்ததுபோல் காட்டும்.

21. பக்கப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? வெளுத்த பகுதியைப் பார்த்து நிறம் சேர்க்காதீர்கள். காசுக் கதவின் சட்டத்தைக் கழற்றினால் வெயிலே படாத ஒரு கோடு கிடைக்கும். அதுதான் அசல் நிறம். பெயின்ட் கடையில் அந்த இடத்தைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். பிரைமர், நுண்ணிய உப்புத்தாள், பிறகு ஸ்பான்ஜ் ரோலரில் மெல்லிய பூச்சுகள். கறுப்பு மேல்பூச்சுக்கு அடியில் பழைய ஓவியம் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், ஒரு மூலையில் தண்ணீர் தொட்டு நுண்தாளால் மட்டும் சோதித்துப் பாருங்கள். தின்னரை ஊற்றினால் மேலதும் போகும், கீழதும் போகும்.

22. விளிம்பைச் சுற்றி ஓடும் டி வடிவப் பிளாஸ்டிக் பட்டையை வாங்கும் முன் பலகைத் தடிமனை அளந்துகொள்ளுங்கள், 16 மி.மீ.க்கும் 19 மி.மீ.க்கும் வெவ்வேறு பட்டை. ஹேர் டிரையரால் சூடாக்கினால் வளையும். மூலை திரும்பும் இடத்தில் உள்நாக்கில் முக்கோணமாக ஒரு வெட்டு. ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

23. காசு இல்லாமல் ஆட வேண்டுமா? 'பேக்-மேன்' போர்டில் சின்ன சுவிட்ச் வரிசையை மாற்றினால் இலவச ஆட்டம் கிடைக்கும். 'டாங்கி காங்'கில் அந்த வசதி வைக்கவில்லை. காசு விழுந்தால் தட்டும் சுவிட்சுக்கு இணையாக ஒரு சிறு பட்டனைக் கதவுக்கு உள்புறம் வையுங்கள். புதுத் துளை வேண்டாம், காசு போகும் சத்தமும் மிஞ்சும்.

24. பல கேம் வேண்டும் என்பவர்களுக்கு ஜாமா என்ற பொது இணைப்பு ஒரு வரம். 1985-ல் ஜப்பானிய ஆர்கேட் உற்பத்தியாளர் சங்கம் கொண்டுவந்த 56 முனை இணைப்பு அது. அந்த வயர் உள்ள பெட்டியில் ஒரு போர்டை உருவி இன்னொன்றைச் செருகினால் முடிந்தது. அதற்கு முந்திய பெட்டிகளுக்கு அடாப்டர் வயர் கிடைக்கும். அசல் வயரை வெட்டி ஜாமா கட்டாதீர்கள். ஜாமாவின் அசல் கணக்கில் ஓர் ஆட்டக்காரருக்கு மூன்று பட்டன்தான். ஆறு பட்டன் கேட்கும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-க்கு உதைக்கும் பட்டன்களின் வயர் தனியாகப் போகும். பாதிப் பட்டன் வேலை செய்யாத பெட்டிகளில் குறை பெரும்பாலும் அந்தத் தனி வயரைச் செருகாததுதான்.

ராஸ்பெர்ரி பை கணினியில் மேம் ஓட்டுவது இன்னொரு வழி. பழைய ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட வைக்க, 1997-ல் இத்தாலியர் நிகோலா சால்மோரியா தொடங்கிய மென்பொருள் அது. மென்பொருள் இலவசம், கேம்களின் உரிமை அவரவர் நிறுவனங்களுடையது. அதைக் கவனத்தில் கொள்ளுங்கள். பட்டன் பலகையை மட்டும் புதிதாக ஒரு பிளைவுட்டில் செய்து, ஜப்பானிய பட்டனுக்கு 30 மி.மீ., அமெரிக்க பட்டனுக்கு 28 மி.மீ. துளை போட்டு மாட்டுங்கள். அசல் பலகையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம்.

25. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து கரகரத்தால், மெல்லிய டிஷ்யூத் தாளை வெள்ளைப் பசையில் ஒட்டிப் பாருங்கள். பல ஆண்டு ஓடும்.

26. நம் ஊரில் வைப்பதானால் அமெரிக்கக் கையேடுகளில் இல்லாத ஒரு எதிரி உண்டு: பல்லி. கதகதப்பான இடம் தேடி மானிட்டர் போர்டுக்குள் நுழைந்து, தானும் கருகி, போர்டையும் கருக்கிவிடும். காற்றுத் துளைகளை அடைக்காமல், உள்புறம் நுண்ணிய கொசுவலையை ஸ்டேபிள் செய்யுங்கள். கடற்கரை ஊர் என்றால் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. விளையாடி முடித்ததும் சுவர் சுவிட்சையும் அணையுங்கள்.